பொன்னாடை போர்த்தி முடிந்தது, அடுத்த டொக்டர் எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

கடந்த வாரம் நமது டொக்டருக்குப் பிரியாவிடை நடந்தது. ஊரே திரண்டு வந்தது. பள்ளிவாசல் நிர்வாகம், வர்த்தகர் சங்கம், விளையாட்டுக் கழகங்கள், ஜனாஸா நலன்புரிச் சங்கம், அரசியல்வாதிகள் என்று ஒவ்வொருவராக மேடையேறிப் பொன்னாடை போர்த்தினார்கள். மொத்தம் 17 பொன்னாடை. நாங்கள் எண்ணினோம். கடைசியில் டொக்டரின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

மேடையில் இருந்த அத்தனை பேரும் ஆண்கள். ஒரு மகப்பேற்று வைத்தியருக்கு நடந்த பிரியாவிடை அது. அவரிடம் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்காவது இரண்டு நிமிடம் மைக்கைக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் மண்டபத்தின் பின்பக்கம், திரைக்கு அப்பால் இருந்து கைதட்டிவிட்டு வந்தோம். அங்கே சொல்லக் கிடைக்காததை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால், ஊர்ப் பெண்கள் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியைகள். கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து வந்து பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சோக்கட்டி பிடிப்பவர்கள். எங்களில் பெரும்பாலானோர் அந்த டொக்டரின் வாட்டில் பிள்ளை பெற்றவர்கள். எங்கள் வகுப்பில் இன்று இருக்கும் பிள்ளைகள் அவர் காலத்தில் பிறந்தவர்கள். ஆகவே இந்த விஷயத்தில் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்துத் தமிழர். யுத்தம் நடந்த காலத்தில் இங்கே வந்தார். தமிழ்ப் பகுதிக்கும் முஸ்லிம் பகுதிக்கும் இடையில் பஸ் ஓடாத நாட்கள் இருந்தன. ஹர்த்தால் என்றால் ஒரு பக்கத்து ஆள் மறுபக்கம் போவதில்லை. அந்த நாட்களிலும் அவர் வாட்டுக்கு வந்தார். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இல் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்கள் உம்மாமார் எங்களை இழுத்துக்கொண்டு மேற்கே வயல் பக்கம் ஓடினார்கள். அன்று ஓட முடியாத கர்ப்பிணிகளும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை பிறந்ததும் அவர் கையில்தான்.

2020 ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவில் மௌத்தானவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் நின்ற காலம். பிறந்து 20 நாளான சிசுவைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும் வரைக்கும் நமது தாய்மார் வைத்தியசாலை வாசலைக் கண்டாலே நடுங்கினார்கள். “போனா பிசிஆர் எடுப்பாங்க, மௌத்தானா எரிச்சுப் போடுவாங்க” என்று வீட்டிலேயே கிடந்தவர்கள் எத்தனை பேர்! அந்த மாதங்களில் மிட்வைப்மாரிடம் ஒவ்வொரு கர்ப்பிணியின் நம்பரையும் வாங்கி, வீட்டுக்குப் போன் எடுத்துப் பேசியவர் இந்த மனிதர். “பிரஷர் பார்த்தீங்களா? கால் வீங்கியிருக்கா? பயப்படாமல் வாங்கோ, நான் நிற்கிறன்” என்று சொன்னவர்.

60 வயதா, 65 வயதா, 63 வயதா என்று அரசாங்கம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் அவர் வேலையை விடவில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போன வைத்தியர்கள் ஏராளம். அவர் போகவில்லை. இப்போது வயது வந்துவிட்டது, ஓய்வு பெறுகிறார். அல்லாஹ் அவருக்கு நல்ல ஆரோக்கியத்தைக் கொடுக்கட்டும்.

இனித்தான் எங்கள் பேச்சு.

பிரியாவிடையின் கடைசியில் ஒரு தீர்மானம் வாசித்தார்கள். “எமது ஊரின் தனித்துவத்தைக் கருத்திற்கொண்டு அரசாங்கம் உடனடியாக ஒரு பெண் வி.ஓ.ஜி.யை, இயன்றால் எமது சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை நியமிக்க வேண்டும்.” மண்டபம் அதிரக் கைதட்டல். தக்பீர் கூடச் சொன்னார்கள்.

நாங்கள் கேட்கிறோம்: அந்தப் பெண் வி.ஓ.ஜி. எங்கே இருக்கிறார்? சுகாதார அமைச்சின் ஸ்டோரில் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்களா, மகஜர் கொடுத்தவுடன் லொறியில் ஏற்றி அனுப்ப?

ஒரு வி.ஓ.ஜி. எப்படி உருவாகிறார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். பிள்ளை ஓ.எல். நல்லபடி பாஸ் பண்ண வேண்டும். ஏ.எல். இல் பயோ எடுக்க வேண்டும். வெட்டுப்புள்ளி தாண்டி மருத்துவ பீடத்துக்குத் தெரிவாக வேண்டும். அங்கே ஐந்து வருடம். பிறகு ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. பிறகு எங்காவது ஒரு வைத்தியசாலையில் வேலை. அதோடு கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். தெரிவானால் ரெஜிஸ்ட்ராராக வருடக்கணக்கில் லேபர் ரூமிலும் தியேட்டரிலும் இரவு பகல் நிற்க வேண்டும். எம்.டி. பாஸ் பண்ண வேண்டும். பிறகு சிரேஷ்ட ரெஜிஸ்ட்ரார். அதில் ஒரு பகுதி வெளிநாட்டுப் பயிற்சி. எல்லாம் முடியும்போது முப்பதைத் தாண்டி நன்றாகப் போயிருக்கும்.

இந்தப் பாதையில் நமது பெண்பிள்ளைகளை எந்தெந்த இடத்தில் நாமே மறித்து இறக்குகிறோம் என்று பார்ப்போம்.

முதலாவது தரிப்பிடம் ஓ.எல். சோதனை எழுதி முடித்துப் பெறுபேறு வரும்வரை உள்ள சில மாதங்கள் எங்களுக்குப் பயமான மாதங்கள். அந்த இடைவெளியில்தான் கட்டார் மாப்பிள்ளையும் சவூதி மாப்பிள்ளையும் லீவில் வருவார்கள். சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஒரு பிள்ளை படித்தாள். விஞ்ஞானப் பாடத்தில் அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்ததைவிட அவள் எங்களைக் கேட்ட கேள்விகள்தான் அதிகம். பெரியவளானால் என்ன செய்வாய் என்று கேட்டால், “லேடி டொக்டர், பொம்புளைகளுக்கு மட்டும் பார்க்கிற டொக்டர்” என்பாள். பெறுபேறு வந்தது. 9 ஏ. சொல்ல வீட்டுக்கு ஓடினோம். வாசலில் பந்தல் போட்டிருந்தது.

அடுத்த வருடம் அதே பிள்ளை பிரஷர் ஏறி, வலிப்பு வந்து லேபர் ரூமுக்கு வந்தாள். அவளுக்கு அப்போது 17 வயது. தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற டொக்டர் அன்று இரவு முழுதும் வீட்டுக்குப் போகவில்லை. விடிய நாங்கள் பார்க்கப் போனபோது அவர் எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்: “உங்கட ஸ்கூல் பிள்ளையா?” ஓம் என்றோம். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடந்த வாரம் அந்தப் பிள்ளையும் மண்டபத்துக்கு வந்திருந்தாள். இடுப்பில் பிள்ளையோடு எங்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். பெண் வி.ஓ.ஜி. வேண்டும் என்று தீர்மானம் வாசித்தபோது அவளும் கைதட்டினாள். தீர்மானத்தை வாசித்தவர்களில் ஒருவர் அன்று அவளுடைய நிகாஹ்வுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்.

சட்டம் இதை மறிக்கவில்லையா என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். நாட்டில் மற்ற எல்லோருக்கும் 1995 முதல் திருமண வயது 18. நமக்கு 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். அதில் ஆகக்குறைந்த வயது என்று ஒன்று இல்லை. 12 வயதுக்குக் கீழ் என்றால் காதியாரின் அனுமதி வேண்டுமாம், அவ்வளவுதான். மணமகள் கையெழுத்துப் போடவும் தேவையில்லை. இந்தச் சட்டத்தைத் திருத்தப் பேச்சு வந்தால் மட்டும் ஊரில் கூட்டம், அறிக்கை, துண்டுப் பிரசுரம். 17 வயதுப் பிள்ளை வலிப்பு வந்து கிடந்த இரவில் எந்த அறிக்கையும் வரவில்லை.

இரண்டாவது தரிப்பிடம் ஏ.எல். “பயோ எடுத்தா டியூஷனுக்கு ராவையில போகோணும், பொம்புளப் புள்ளைக்கு அது சரிவராது, ஆர்ட்ஸ் எடுக்கச் சொல்லுங்க டீச்சர்.” இதை எங்களிடம் சொல்லாத வாப்பா குறைவு. ஆர்ட்ஸ் கேவலம் என்று நாங்கள் சொல்லவில்லை, எங்களில் பலர் ஆர்ட்ஸ்தான். ஆனால் ஆர்ட்ஸ் படித்தவள் சிசேரியன் செய்ய மாட்டாள்.

மூன்றாவது தரிப்பிடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் மிகவும் மோசம். “நம்மட ஊரிலயும் லேடி டொக்டர்மார் இருக்காங்களே” என்பீர்கள். உண்மை, மாஷா அல்லாஹ். ஒரு தலைமுறைக்கு முன் விரலில் எண்ணினோம், இன்று அப்படியல்ல. ஆனால் அவர்களில் எத்தனை பேரை மேற்கொண்டு படிக்க விட்டோம்? மருத்துவ பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போதே பேச்சுக்கால் தொடங்கிவிடும். டொக்டர் பெண் வேண்டும் என்று போட்டி போடுவோம். பேசி முடிக்கும்போது நிபந்தனை வரும்: “ஓ.பி.டி.யோட நிண்டாப் போதும். நைட் டியூட்டி சரிவராது. கொழும்புக்குப் படிக்க அனுப்ப ஏலாது.” அந்தப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘டொக்டர்’ நமக்குக் கலியாணக் கார்டுக்கு வேண்டும். அவளுடைய படிப்பு நமக்கு வேண்டாம்.

பிள்ளை பிறக்க நேரகாலம் பார்க்குமா? அது நடுச்சாமம் இரண்டு மணிக்கும் பிறக்கும், பெருநாளன்றும் பிறக்கும். நைட் டியூட்டி செய்யாத வி.ஓ.ஜி. என்று உலகத்தில் ஒருவர் இல்லை. ஆகவே நமது மகள் பிரசவத்துக்குப் போனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் டொக்டர் வந்து பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் டொக்டர் நமது மகளாகவோ மருமகளாகவோ இருக்கக்கூடாது. வேறு யாரோ பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும். இதுதானே நாம் கைதட்டிய தீர்மானத்தின் அர்த்தம்?

நான்காவது, காசு. பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து வாப்பா வளவு தேடுகிறார். பிறகு அத்திவாரம், பிறகு பிளேட் போடுகிறார். வெளிநாட்டில் பத்து வருடம் வெயிலில் உழைத்துச் சீதன வீடு கட்டுகிறார். மகளின் படிப்புக்கு என்று கேட்டால் கை வெறுமை. பெண் பிள்ளை டொக்டராகிவிட்டால் கைக்கூலி குறையும் என்றும் நினைக்காதீர்கள். “டொக்டர் பொம்புளைக்கு டொக்டர் மாப்புள தேவை” என்று மேல் மாடியும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

“மார்க்கம்” என்று சிலர் சொல்வார்கள். மார்க்கத்தையே பேசுவோம். சுமார் 900 வருடங்களுக்கு முன் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவின் அறிவு பற்றிய பகுதியில் மருத்துவத்தை பர்ளு கிஃபாயா என்று சொன்னார்கள். சிலராவது செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. எத்தனையோ ஊர்களில் வேற்று மதத்தவரைத் தவிர வைத்தியர் இல்லை, நமது ஆட்களோ எல்லோரும் ஃபிக்ஹு படிக்கவே முண்டியடிக்கிறார்கள் என்று அவர்கள் அன்றே மனம் நொந்து எழுதினார்கள். அன்று சொன்னது நமது ஊரைப் பார்த்துச் சொன்னது போல இருக்கிறது. ருஃபைதா (ரழி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் போட்டுக் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த சரித்திரத்தை நாங்கள் வகுப்பில் இஸ்லாம் பாடத்தில் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து புள்ளியும் எடுக்கிறார்கள். பிறகு வீட்டுக்குப் போனால் “நைட் டியூட்டி சரிவராது.”

இன்னொரு விஷயமும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது.

17 பொன்னாடை போர்த்திய இதே ஊர் இந்த டொக்டரை என்னவெல்லாம் பேசியது? “தமிழ் டொக்டர் வேணுமெண்டே நம்மட பொம்புளைகளுக்கு சீசர் பண்ணுறாராம், மூணு புள்ளையோட நிப்பாட்டத்தான்” என்று வட்ஸ்அப்பில் வொய்ஸ் கட் சுற்றியது. கேட்டோம், மற்றவர்களுக்கும் அனுப்பினோம். திரும்பத் திரும்ப சிசேரியன் செய்தால் பழைய வெட்டுத் தழும்பில் நச்சுக்கொடி ஒட்டிப் பிடிக்கும், கருப்பை கிழியும், இரத்தம் நிற்காமல் போகும், ஒவ்வொரு முறையும் ஆபத்துக் கூடும் என்று அவர் கிளினிக்கில் படம் கீறி விளங்கப்படுத்தியதை யாரும் வொய்ஸ் கட் போடவில்லை.

அதே நாட்களில்தான் 2019 இல் குருநாகலில் டொக்டர் ஷாபிக்கு நடந்தது. 4000 சிங்களத் தாய்மாருக்கு மலட்டுத்தன்மை ஏற்படுத்தினார் என்று பத்திரிகையில் தலைப்புப் போட்டுக் கைது செய்தார்கள். விசாரித்த சி.ஐ.டி. ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. 2022 இல் நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் பணத்தை நாட்டுக்கு மருந்து வாங்கவே அவர் கொடுத்துவிட்டார். அவருக்காக நாம் அழுதோம், துஆக் கேட்டோம், ப்ரொஃபைல் படம் மாற்றினோம். அதே கையால்தான் நமது தமிழ் டொக்டரைப் பற்றி அதே பொய்யை ஃபோர்வர்ட் பண்ணினோம். ஒரு முஸ்லிம் டொக்டருக்குச் செய்தால் அநியாயம், ஒரு தமிழ் டொக்டருக்குச் செய்தால் ‘ஊர்க்கதை’யா? அவர் இதையெல்லாம் கேள்விப்பட்டும் அடுத்த நாள் காலை கிளினிக்குக்கு வந்தார். அடுத்து வருபவர் அப்படிப் பொறுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30 அளவுக்கு வந்திருக்கிறது. இலவச வைத்தியம், வீடு வீடாக வரும் மிட்வைப், இரத்த வங்கி, தியேட்டர், நடுச்சாமத்தில் கூப்பிட்டால் வந்து நிற்கும் ஒரு வி.ஓ.ஜி. இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த வித்தியாசம். இதில் ஒன்று கழன்றாலும், இரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒரு தாயை அம்பியூலன்ஸில் ஏற்றி மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ ஓட வேண்டும். அந்த வழியில் என்ன நடக்கும் என்பது ரிசாக்குத் தெரியும், மகஜருக்குத் தெரியாது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்.

அடுத்து யார் வந்தாலும், ஆணோ பெண்ணோ, சிங்களவரோ தமிழரோ, முதல் நாளிலிருந்து மரியாதையாக நடத்துங்கள். கரு உண்டானது தெரிந்தவுடன், 8 வாரத்துக்கு முன் மிட்வைப்பிடம் பதியுங்கள், கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். அவசர சிசேரியன் என்று டொக்டர் சொன்னால் “மாமா வரட்டும், கட்டாருக்குக் கோல் எடுத்துக் கேட்கோணும்” என்று தாமதிக்காதீர்கள். இளைஞர்களே, விளையாட்டுக் கழகத்தின் பெயரில் பொன்னாடை போர்த்தினீர்கள், வருடத்துக்கு இரண்டு முறை அதே கழகத்தின் பெயரில் இரத்தம் கொடுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். அமைச்சுக்கு மகஜர் எழுதுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம். அதோடு ஊருக்கும் ஒரு தீர்மானம் எழுதுங்கள்: ஏ.எல். எழுதும்வரை, 18 வயது ஆகும்வரை எந்தப் பெண் பிள்ளைக்கும் நமது ஜமாஅத்தில் நிகாஹ் இல்லை. அதை ஜும்ஆவில் வாசியுங்கள். அதற்கும் தக்பீர் சொல்லுங்கள் பார்ப்போம்.

மாப்பிள்ளை வீட்டாரே, உங்களிடமும் ஒன்று. டொக்டர் மருமகள் வேண்டுமானால் அவளை எம்.டி. படிக்க விடுங்கள். பிள்ளையை வைத்துக்கொள்ள மாமி இருக்கிறா, சாச்சி இருக்கிறா. நாங்கள் பாடசாலைக்கு வரும்போது எங்கள் பிள்ளைகளைப் பார்த்ததும் அவர்கள்தானே.

வாப்பாமாரே, மேல் மாடியைக் கொஞ்சம் பிந்திக் கட்டுங்கள்.

பிரியாவிடையில் டொக்டர் இரண்டு நிமிடம்தான் பேசினார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மிட்வைப்மார், தாதிமார், சிற்றூழியர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். பிறகு பின்பக்கம், திரை இருந்த பக்கம் பார்த்து, “பிள்ளைகளைப் படிக்க வையுங்கோ” என்றார். மேடையில் இருந்தவர்கள் அது வழக்கமான வசனம் என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

வருகிற ஜனவரியில் எங்கள் பாடசாலையில் பயோ வகுப்புக்குப் பெயர் பதிவோம். ஓ.எல். இல் விஞ்ஞானத்தில் ஏ எடுத்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நாங்கள் வருவோம். தேத்தண்ணி வேண்டாம். பந்தல் போட்டிருக்காவிட்டால் போதும்.